பழைய ராக் கச்சேரி டி-சட்டை: ஹாஜி லேனா, கரூசெல்லா, பேங்காக்கா, ஜப்பானா?

சிங்கப்பூரில் பழைய ராக் கச்சேரி டி-சட்டைகளைச் சேர்க்கத் தொடங்கும் பலரும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். இருநூறோ முந்நூறோ வெள்ளி ஒதுக்கியாயிற்று, எந்த இசைக்குழு என்பதும் முடிவாகிவிட்டது. ஹாஜி லேன் கடையில் கண்ணெதிரே தொங்குவதை வாங்குவதா, பயன்படுத்திய பொருள்கள் கைமாறும் கரூசெல் தளத்தில் பேரம் பேசுவதா, வாரக் கடைசியில் ஜோகூர் பாருவுக்கோ பேங்காக்குக்கோ போய்த் தேடுவதா, ஈபேயிலும் ஜப்பானிய ஏலத் தளங்களிலும் காத்திருந்து பிடிப்பதா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

போட்டிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் வெளிநாட்டு இணையத்தளங்கள்தான் மலிவு என்று தோன்றும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு சேர்ப்பவருக்கு அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். கறுப்புச் சட்டையாக இருந்தால், விலை சற்றுக் கூடினாலும், கையால் தொட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ராக் சட்டைகளில் பெரும்பாலானவை கறுப்புதான் என்பதால் இந்த ஒரு விஷயமே பல முடிவுகளை மாற்றிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

துணி உயிரோடு இருக்கிறதா. இதைத்தான் முதலில் வைப்பேன். பருத்திக்கு ஆழமான கறுப்பை மலிவாக ஏற்றுவது கந்தகச் சாயம். ஆண்டுகள் ஓட ஓட, வெப்பமும் ஈரமும் சேரும்போது அந்தச் சாயத்திலுள்ள கந்தகம் அமிலமாக மாறிப் பருத்தி இழையை உள்ளிருந்தே அரிக்கும். துணி இற்றுப்போகும். படத்தில் இது தெரியவே தெரியாது. அச்சு பளிச்சென்று இருக்கும், ஓட்டை எதுவும் இருக்காது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, அக்குள் பக்கத்திலும் கீழ் மடிப்பிலும் துணியை இரண்டு கைகளின் விரல்களாலும் பிடித்து மெதுவாக எதிரெதிராக இழுத்துப் பாருங்கள். நல்ல பனியன் துணி கொஞ்சம் நீண்டு மீண்டும் சுருங்கும். இற்ற துணி பழைய செய்தித்தாளைப்போலப் பர்ரென்று பிரிந்துவிடும். ஒருமுறை இற்றுவிட்ட துணியை எந்தச் சலவையாலும் மீட்க முடியாது. இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

அசலா, பின்னாளில் அடித்ததா. கைமடிப்பிலும் கீழ்மடிப்பிலும் ஒற்றைத் தையல் ஓடினால் பழையது, இரட்டைத் தையல் என்றால் புதியது என்று எல்லாரும் சொல்வார்கள். அமெரிக்கச் சட்டைகளில் ஏறக்குறைய 1990களின் நடுப்பகுதியில்தான் இரட்டைத் தையல் பரவலானது என்பதால் அதில் உண்மை உண்டு. ஆனால் போலி அடிப்பவர்களுக்கும் இது தெரியும். அச்சில்லாத பழைய ஒற்றைத் தையல் சட்டையைத் தேடிப் பிடித்து அதன்மேல் புதிதாக அடிக்கிறார்கள். அதனால் தையலைவிட அச்சைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். துணியும் மையும் ஒன்றாக மூப்படைந்திருக்க வேண்டும். துணி நைந்து பிசிர் எழும்பியிருக்க, அந்தப் பிசிரின் மேலேயே மை வழுவழுப்பாகப் படிந்திருந்தால் அது பின்னாளில் அடித்தது.

லேபிளும் நிறையப் பேசும். 1980களின் சட்டைகளில் ஸ்கிரீன் ஸ்டார்ஸ், ஹேன்ஸ் போன்ற லேபிள்களும் 1990களில் பிராக்கம், ஜயன்ட் ஆகியவையும் அடிக்கடி கண்ணில் படும். பிராக்கம் லேபிள் சேகரிப்பாளர்களுக்குப் பிடித்தது என்பதாலேயே அதன் போலிகளும் மிகுதி. அமெரிக்கச் சந்தைக்கான லேபிளில் சலவைக் குறிப்பு எழுத்தில் இல்லாமல் குறியீடுகளாக மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். அங்கே அதற்கு அனுமதி வந்தது 1997இல்தான். அச்சுக்குக் கீழே இருக்கும் பதிப்புரிமை ஆண்டு அந்த ஓவியத்துக்கு உரியது. 1984 என்று போட்ட சட்டை சென்ற ஆண்டு அச்சானதாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கச்சேரி அரங்குக்கு வெளியே, வாகன நிறுத்துமிடத்தில், அதே இரவில் அனுமதியின்றி விற்கப்பட்ட சட்டைகள் உண்டு. அவை அதிகாரபூர்வமானவை அல்ல, ஆனால் உண்மையிலேயே பழையவை. பல சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். அவற்றை இன்றைய போலிகளோடு சேர்த்து எண்ணக் கூடாது.

மொத்தச் செலவு. அனுப்பும் கட்டணம், வரி, இடைத்தரகர் கட்டணம், பயணம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வீட்டில் பாதுகாக்கும் செலவையும் மறக்கக் கூடாது, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஏமாந்தால் என்ன வழி, தேடியது கிடைக்குமா என்ற இரண்டும் மீதமுள்ள அளவுகோல்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தொட்டுப் பார்க்கலாமா | போலி ஆபத்து | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| உள்ளூர்க் கடை | ஆம் | நடுத்தரம் | வாடகை விலையில் ஏறியிருக்கும் | முதல் சட்டை வாங்குபவர் |
| கரூசெல் | நேரில் சந்தித்தால் | நடுத்தரம் முதல் அதிகம் | பேச்சிலும் அலைச்சலிலும் போகும் நேரம் | பொறுமைசாலி, உள்ளூர் வரலாறு தேடுபவர் |
| ஜோகூர் பாரு | ஆம் | நடுத்தரம் | சாவடி வரிசை, வெறுங்கையோடு திரும்புவது | தேடுவதையே ரசிப்பவர் |
| பேங்காக் | ஆம் | மிக அதிகம் | விமானம், தங்குமிடம், வரி | கண் பழகியவர் |
| ஈபே, ஜப்பான் | இல்லை | விற்பவரைப் பொறுத்தது | வரி, தரகு, இற்ற துணி | குறிப்பிட்ட ஒரே சட்டையைத் தேடுபவர் |
| மறுபதிப்பு | ஆம் | அதிகாரபூர்வக் கடையில் இல்லை | மறுவிற்பனை மதிப்புக் குறைவு | போட்டுத் திரிய விரும்புபவர் |

## உள்ளூர்க் கடைகள்

ஹாஜி லேன், பாலி லேன் பக்கத்துப் பழைய உடைக் கடைகள், ஃபார் ஈஸ்ட் பிளாசா, கிட்டார் கடைகளுக்குப் பெயர்போன பெனின்சுலா கடைத்தொகுதி ஆகியவற்றில் சுற்றலாம். விலை கூடுதல்தான். அந்தக் கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்: வாசல் வெளிச்சத்தில் சட்டையைப் புரட்டிப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம், போட்டும் பார்க்கலாம். 1980களின் பெரிய அளவு இன்றைய நடுத்தர அளவுக்குப் பக்கத்தில் நிற்கும் என்பதால் போட்டுப் பார்ப்பது சின்ன விஷயமல்ல.

முதல் சட்டையை இங்கேதான் வாங்குங்கள் என்பேன். நல்ல அசல் ஒன்றைக் கையில் பிடித்துப் பழகினால்தான் துணியின் எடை, அச்சின் வெடிப்பு, கழுத்துப்பட்டியின் தளர்ச்சி எல்லாம் மனத்தில் பதியும். பிறகு எங்கே போய்த் தேடினாலும் அந்த அனுபவம் கூடவே வரும். விலை ஏன் இவ்வளவு என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். சரக்கை அறிந்தவர் லேபிளையும் சுற்றுப்பயணத்தையும் விளக்குவார். விளக்க முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

சிலர் ஏலச் செய்திகளைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். 1967இன் கிரேட்ஃபுல் டெட் சட்டை ஒன்று 2021இல் சதபீஸ் ஏலத்தில் 17,640 அமெரிக்க டாலருக்குப் போனது உண்மை. 1979 நெப்வொர்த் கச்சேரியின் லெட் ஸெப்பெலின் சட்டை ஒன்று 2011இல் ஈபேயில் 10,000 டாலருக்குப் போனதும் உண்மை. அவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் அச்சான 1990களின் சட்டைக்கும் தொடர்பே இல்லை.

இரட்சணிய சேனையின் அறநிலையக் கடைகளில் எப்போதாவது ஒரு சட்டை சில வெள்ளிக்கு அகப்படும். அதை நம்பிச் சேர்க்க முடியாது. அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

## கரூசெல்

2012இல் இங்கேயே பிறந்த தளம். விற்பவரை எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து, சட்டையைப் பார்த்துவிட்டுப் பேநவ் வழியாகப் பணம் அனுப்பும் வழக்கம் இருப்பதால் இணைய விலையும் நேரடிச் சோதனையும் ஒருசேரக் கிடைக்கின்றன. சந்திக்க மறுத்து அஞ்சலில் மட்டும் அனுப்புவேன் என்பவரிடம், விலையுயர்ந்த கறுப்புச் சட்டை என்றால், நான் வாங்க மாட்டேன்.

கிளம்புவதற்குமுன் நான்கு படங்கள் கேளுங்கள்: லேபிளின் இரு பக்கங்கள், கீழ்மடிப்பின் உள்புறம், பதிப்புரிமை வரி, அக்குள். நல்ல விற்பனையாளர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். அளவை எழுத்தில் கேட்காமல் அக்குளிலிருந்து அக்குள்வரை எத்தனை அங்குலம் என்று கேட்டு, உங்களுக்குப் பொருந்தும் சட்டையோடு ஒப்பிடுங்கள்.

வேறு எங்கும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: நம் ஊர்க் கச்சேரிகளின் சட்டை. 1972இல் நீள முடி காரணமாக லெட் ஸெப்பெலின் குழுவினரை விமானத்தைவிட்டே இறங்கவிடாத ஊர் இது. சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கு 1989இன் கடைசி நாளில் திறக்கப்பட்டது. மெட்டாலிக்கா 1993இல் அங்கே வந்து வாசித்தது. அன்று இருபது வயதில் வரிசையில் நின்று சட்டை வாங்கியவர் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார். வீடு மாறும்போது அலமாரியைக் காலிசெய்து படம் எடுத்துப் போடுவார். அப்படிப்பட்டவரிடம் பேசுங்கள். எந்த நாள் போனார், யாரோடு போனார், சட்டை வெளியே வாங்கியதா உள்ளே வாங்கியதா என்று கேளுங்கள். சட்டையோடு அந்த வரலாறும் உங்களிடம் வந்து சேர்வதுதான் இந்தச் சேகரிப்பில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி. உள்ளூர்ச் சட்டைக்கு வெளிநாட்டு வாங்குபவர்களின் போட்டியும் குறைவு.

## ஜோகூர் பாருவும் பேங்காக்கும்

இரண்டையும் ஒன்றாகச் சொல்வது வழக்கம், ஆனால் இரண்டும் வேறு வேறு.

ஜோகூரில் இருப்பது பண்டல் கடைகள். வெளிநாடுகளில் கழித்துக்கட்டிய உடைகள் பெரிய பொதிகளாக வந்து இறங்கி, பிரித்துத் தொங்கவிடப்படும். குவீன் ஸ்திரீட்டில் 170 பஸ் ஏறினால் போதும், பயணச் செலவு பெரிதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நிற்கும் நேரம்தான் உண்மையான செலவு. வார நாள் காலையில் விடுப்பு எடுத்துப் போக முடிந்தால் நல்லது. நூறு சட்டைகளைப் புரட்டினால் ஒன்று தேறலாம், தேறாமலும் போகலாம். குறிப்பிட்ட ஒரு குழுவின் குறிப்பிட்ட சுற்றுப்பயணச் சட்டை வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வலம் வந்து தேடுவதிலேயே மகிழ்ச்சி காண்பவருக்கு இதைவிடச் சிறந்த இடம் பக்கத்தில் இல்லை.

பேங்காக்கின் சத்துசாக் வாரக் கடைசிச் சந்தையில் அசல் சட்டைகளும் இருக்கின்றன, அவற்றைத் தேர்ந்தெடுத்து விற்கும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். ஆனால் பழையதுபோலவே தோன்றும் மறு உருவாக்கங்கள் மிகுதியாகத் தயாராகும் நாடும் தாய்லாந்துதான். சாயத்தை வெளிறவைத்து, அச்சை வெடிக்கவைத்து, லேபிளையும் பழையதாக்கித் தருகிறார்கள். சில விற்பனையாளர்கள் அதை மறைப்பதில்லை, கேட்டால் புதியது என்று சொல்லிவிடுவார்கள். கேட்காமல் வாங்கி வந்து வருந்துபவர்களே அதிகம். விமானத்துக்கும் விடுதிக்கும் செலவு செய்துவிட்டோமே, வெறுங்கையோடு திரும்புவதா என்ற எண்ணம் கண்ணை மறைக்கும். சட்டைக்காக மட்டும் பேங்காக் போகாதீர்கள். வேறு வேலையாகப் போகும்போது ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

திரும்பி வரும்போது வரி உண்டு. 48 மணி நேரமும் அதற்கு மேலும் வெளியே இருந்தால் 500 வெள்ளி வரையிலும், அதற்குக் குறைந்தால் 100 வெள்ளி வரையிலும் பொருள், சேவை வரி விலக்குக் கிடைக்கும். ஒரு நாள் ஜோகூர்ப் பயணத்தில் 150 வெள்ளிக்கு வாங்கினால் விலக்குக்கு மேற்பட்ட தொகைக்கு வரி கட்ட வேண்டும். நம்மில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை, சார்ந்தோர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் முழுத் தொகைக்கும் 9 விழுக்காட்டைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

## ஈபேயும் ஜப்பானும்

தேர்வுக்கு இதை மிஞ்ச வேறு வழி இல்லை. அயர்ன் மெய்டனின் குறிப்பிட்ட ஓர் ஆண்டுச் சுற்றுப்பயணம், பின்பக்கத்தில் ஊர்ப் பட்டியலோடு, இந்த அளவில்தான் வேண்டும் என்று ஓராண்டு காத்திருக்கத் தயாராக இருப்பவர் கடைசியில் இங்கேதான் வந்து சேர்வார்.

400 வெள்ளி வரையிலான பொருளுக்குப் பெரிய தளங்கள் வாங்கும்போதே 9 விழுக்காட்டு வரியைச் சேர்த்துவிடும். 300 வெள்ளிச் சட்டைக்கு அது 27 வெள்ளி. 400க்கு மேல் போனால் வரி இங்கே இறங்கும்போது விதிக்கப்படும், கூரியர் நிறுவனங்கள் அதைக் கட்டிக்கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. ஜப்பானிய ஏலத் தளங்களில் பெரும்பாலும் இடைத்தரகர் வழியாகத்தான் வாங்க முடியும்: தரகுக் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, பிறகு கடல் கடந்து அனுப்பும் செலவு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஒரே சட்டைக்காக இதைச் செய்வது கட்டுப்படியாகாது. மூன்று நான்கைத் தரகரின் கிடங்கில் சேர்த்து ஒரே பொதியாக வரவழைத்தால்தான் கணக்கு நேராகும்.

ஜப்பானிய விற்பனையாளர்கள் குறைகளை நுணுக்கமாக எழுதும் பழக்கம் உள்ளவர்கள். ஊசிமுனை ஓட்டையைக்கூடக் குறிப்பிடுவார்கள். அதனால் இணையத்தில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் நான் முதலில் ஜப்பானைத்தான் பார்ப்பேன். ஈபேயில் விவரித்தபடி பொருள் இல்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அசலா போலியா என்ற வாதத்தைப் படங்களை வைத்து நடத்துவது எளிதல்ல. எந்தத் தளமானாலும், பணம் கட்டுமுன் ‘துணி இற்றிருக்கிறதா, இழுத்துப் பார்த்தீர்களா’ என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சிக்கல் வந்தால் அந்தப் பதில்தான் கைகொடுக்கும். வெள்ளை, வெளிர்சாம்பல் நிறச் சட்டைகளில் கந்தகக் கறுப்பின் தொல்லை இல்லை. அவற்றை இணையத்தில் துணிந்து வாங்கலாம்.

## வீட்டுக்கு வந்தபின்

எந்த வழியில் வாங்கினாலும் இந்தச் செலவு உண்டு, இதை யாரும் விலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நம் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டியே இருக்கிறது. குளிர்நாட்டில் முப்பது ஆண்டுகள் நன்றாக இருந்த கறுப்புச் சட்டை இங்கே வந்தபின் வேகமாகக் கெடலாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்டரில் பெட்டி போட்டு வைப்பதுதான் பலரும் செய்வது. காற்றோட்டமில்லாத அந்த அறை பூஞ்சைக்கு உகந்தது. புகைப்படக் கலைஞர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டி சட்டைக்கும் ஏற்றது. அதற்கு வசதியில்லை என்றால் மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். மாட்டித் தொங்கவிட்டால் தோள் தொய்யும், மடித்தே வையுங்கள். அச்சும் அச்சும் ஒட்டிக்கொள்ளாதபடி இடையில் அமிலமில்லாத மெல்லிய தாளை வையுங்கள். துவைத்தால் உள்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் கையால் அலசி, நிழலில் விரித்து உலர்த்துங்கள். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் வெயிலில் போடவே கூடாது, உலர்த்தும் இயந்திரமும் கூடாது.

பத்துச் சட்டைக்கு மேல் சேர்க்கப் போகிறவர் பதினோராவது சட்டைக்கான பணத்தில் உலர்பெட்டியை வாங்கிவிடலாம்.

## மறுபதிப்பும் இன்றைய கச்சேரியும்

இசைக்குழுக்களே தங்கள் பழைய ஓவியங்களை மறுபடி அச்சிட்டு விற்கின்றன. சேகரிப்பாளர்கள் சிலர் இதைத் தாழ்வாகப் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெம்பனிசிலிருந்து நகர மையத்துக்குப் பகல் வெயிலில் போய் வர, கச்சேரியில் வியர்வை சொட்ட நிற்க, வாரம் ஒருமுறை இயந்திரத்தில் துவைக்க இதுதான் சரி. பணமும் கலைஞர்களுக்கே போகிறது. பழைய சட்டை என்று நினைத்து வாங்காதவரை இதில் ஏமாற்றம் இல்லை. பிள்ளைகளுக்கோ நண்பருக்கோ பரிசளிக்க நினைத்தால், வாங்குபவர் போட்டு மகிழ விரும்புகிறாரா, மடித்து வைக்க விரும்புகிறாரா என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தெரியாவிட்டால் மறுபதிப்பையே வாங்குங்கள்.

இருபது ஆண்டுகளைக் கடந்ததைத்தான் பழையது என்று சேகரிப்பாளர்கள் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். கன்ஸ் அண்ட் ரோசஸ் 2017இல் சாங்கி கண்காட்சி மையத்தில் நடத்திய கச்சேரியின் சட்டைகள் அந்த வயதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. இனி வரும் கச்சேரிகளுக்குப் போகும்போது, பட்ஜெட் இடம் கொடுத்தால், ஊர்ப் பட்டியலில் சிங்கப்பூர் அச்சான சட்டையாகப் பார்த்து ஒன்று வாங்குங்கள். டிக்கெட்டின் நகலையும் சட்டை வாங்கிய ரசீதையும் அதே பெட்டியில் போட்டு வையுங்கள். பிற்காலத்தில் அதை வாங்க வருபவர் எங்கே, எப்போது வாங்கியது என்று கேட்டால் காட்டுவதற்கு அவை உதவும்.